தாழ் போட்ட கை

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்கு டையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. டை என்பது பட்டப்பெயர். ஆள் மருந்துக் கம்பெனி ரெப். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்தில் டை இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டான். அவனுடைய அக்கா பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை வியாதி டாக்டர். அம்மா அப்பா போனபிறகு அவனுக்கு மூக்கைச் சிந்திவிட்டு, சோறூட்டி, படிக்க வைத்து ஆளாக்கியது அவள்தான். பதிலுக்கு அவள் போட்டது ஒரே ஒரு சட்டம்.

"வீட்டுக்கு வா, சோறு போடறேன். பையைத் தூக்கிக்கிட்டு என் ஓ.பி. பக்கம் வந்தே, காலை உடைச்சிடுவேன்."

அந்தச் சட்டத்தை மீறுவது என்று டை முடிவெடுத்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். மீறிவிட்டான், பாவி.

கெட்ட எண்ணம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவனை வாய் நிறையத் திட்டலாம்.

மூன்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஓ.பி.யை இப்போது அக்கா ஒருத்திதான் பார்க்கிறாள். ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார், இன்னொருத்தி பிரசவ லீவில் போனாள். காலி நாற்காலிகளுக்கு ஆள் போடுகிறோம், போடுகிறோம் என்று மேலிடம் ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தது. சமீபத்தில் ஒருநாள் அக்கா அடுப்படியில் நின்றபடியே தூங்கிவிட்டாள். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, வீடு முழுக்க காஸ் பரவி, அவள் புருஷன் ஓடிவந்து ஜன்னலைத் திறந்திருக்காவிட்டால் இந்தத் தொடர் அன்றைக்கே முடிந்திருக்கும். அதைக் கேட்ட டை சும்மா இருக்கவில்லை.

மானேஜரிடம் மல்லுக்கு நின்று ஒரு திட்டத்துக்கு அனுமதி வாங்கினான். கம்பெனி செலவில், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை அக்காவின் ஓ.பி. வாசலில் உட்கார வைப்பது. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால், தலை சுற்றினால் என்ன செய்வது என்று வருகிறவர்களுக்கு அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். அக்காவுக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சம். அவள் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டை அன்று காலையில் பையை மாட்டிக்கொண்டு போனான்.

ஓ.பி. வராந்தாவில் எள் போட்டால் எள் விழாது. பெஞ்சு நிரம்பி, தரை நிரம்பி, மாடிப்படியிலும் ஆட்கள். வெறும் வயிற்றோடு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்களே பாதிப் பேர். கதவை ஒட்டிய பெஞ்சில் ஒரு பெரியவர் மகனின் தோளில் சாய்ந்திருந்தார். மகன் வெல்டர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. சட்டையெல்லாம் தீப்பொறி பட்ட ஓட்டை, கையெல்லாம் தழும்பு.

வெல்டர் அவன் கழுத்து டையையும் பையையும் பார்த்து, ஆஸ்பத்திரியில் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துவிட்டான்.

"சார், அப்பாவுக்கு ரொம்ப வேர்க்குது சார். கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறார். கொஞ்சம் முன்னாடி விடச் சொல்லுங்களேன்."

"இதோ, உள்ள போய்ச் சொல்றேன்" என்றான் டை. ரெப்பின் வாயில் அந்தப் பதில் தானாக வந்துவிடும். பெரியவர் அவனுக்கு வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டார்.

ரெப்புகளுக்கென்று ஒரு வித்தை உண்டு. ஒரு நோயாளி வெளியே வந்து அடுத்தவர் எழுந்திருப்பதற்குள் உடம்பை நுழைத்துவிட வேண்டும். டாக்டரைப் பார்த்துச் சிரிக்கும்போதே, நடுவில் வேறு யாரும் நுழைந்துவிடாமல், கை முதுகுக்குப் பின்னால் போய்த் தாழைப் போட்டுவிட வேண்டும். சத்தம் வரக்கூடாது. டாக்டருக்கே தெரியக்கூடாது. வேலையில் சேர்ந்த புதிதில் சீனியர்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். டை அதில் மன்னன்.

சிரித்தான். கை பின்னால் போனது. தாழ் விழுந்தது.

"யாரைக் கேட்டுடா உள்ள வந்தே?" அக்காவின் கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

"கத்தாதேக்கா. ரெண்டே நிமிஷம். காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணியாவது குடிச்சியா?"

அவள் குடித்திருக்கவில்லை. அவன் நீட்டிய பாட்டிலைப் பிடுங்கி மடமடவென்று குடித்தாள். அந்தச் சாக்கில் டை திட்டம் முழுவதையும் கொட்டிவிட்டான்.

"பதிலுக்கு உங்க கம்பெனி மாத்திரையா எழுதித் தள்ளணும். அதானே?"

"அப்படி இல்லக்கா... கொஞ்சம் பார்த்து..."

"போடா திருட்டுப்பயலே." ஆனால் அவள் குரலில் சூடு இல்லை. "விஷயம் என்னவோ நல்ல விஷயம்தான். எத்தனை தடவை சொன்னேன் உங்க ஆளுங்ககிட்ட? கடிகாரம் வேணாம், பேனா வேணாம். சாப்பிடாம இதைப் போடாதேன்னு மாத்திரை அட்டையில கொட்டை எழுத்துல அடிங்கடான்னு. ரத்தம் குடுக்கற அன்னிக்கும் வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டுட்டு வந்து இந்த வராந்தாவுல மயங்கி விழறாங்கடா. அந்தப் பொண்ணு இது ஒண்ணைச் சொன்னாலே புண்ணியம். எல்லாக் கம்பெனி மாத்திரைக்கும் சேர்த்துச் சொல்லட்டும், அப்ப நான் சரிங்க..."

வார்த்தை முடியவில்லை. தலை மெதுவாக மேஜைமேல் சாய்ந்தது.

டை பதறிப்போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். லேசான குறட்டை. அக்கா தூங்கிப்போயிருந்தாள்.

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மின்விசிறியைக் கூட்டிவைத்தான். ஸ்டெதஸ்கோப்பை மெல்ல அவள் கன்னத்துக்கு அடியிலிருந்து உருவினான்.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள்.

ஓ.பி. கதவை எப்போதும் யாராவது தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். டை கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டு, "டாக்டர் முக்கியமான போன்ல இருக்காங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். மறுபடி தட்டினார்கள். பிறகு அடித்தார்கள். "சார், சார்" என்று ஒரு குரல் கத்தியது. கூட்டமும் சேர்ந்து கத்தியதில் எதுவும் காதில் விழவில்லை, டை காதில் வாங்கிக்கொள்ளவும் இல்லை. பார்வையெல்லாம் அக்காவின் முதுகில்தான். அது சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக இவளுக்கு நான் ஒரு உதவி செய்கிறேன் என்று நினைத்தான், மடையன்.

சற்று நேரம் தட்டல் நின்றது. அப்பாடா என்று கதவைவிட்டு விலகித் திரும்பினான்.

அடுத்த இடியில் கதவு பெயர்ந்தது. வராந்தா பெஞ்சைத் தூக்கிவந்து நாலு பேர் மோதியிருந்தார்கள். தாழ் திருகாணிகளோடு பறந்துவந்து டையின் நெற்றியைக் கிழித்தது. அவன் ரத்தத்தைத் துடைப்பதற்குள் வெல்டர் அவனைத் தூக்கி மருந்து அலமாரிமேல் எறிந்தான். கண்ணாடி நொறுங்கியது. விழுந்தவனை ஆளாளுக்கு மிதித்தார்கள். ஒருவன் செருப்புக்காலால் முகத்திலேயே மிதித்தான்.

"எங்கப்பன் வெளியே செத்துக்கிட்டிருக்கான், உள்ளே தாழ் போட்டுக்கிட்டுத் தூங்கறாடா!"

அக்கா திடுக்கிட்டு எழுந்தாள். எங்கே இருக்கிறோம் என்றே ஒரு கணம் புரியவில்லை. கன்னத்தில் அறை விழுந்தது. யாரோ கொண்டையைப் பிடித்து மேஜையிலிருந்து இழுத்தார்கள். அவள் பார்வை, உடைந்த கதவைத் தாண்டி, பெஞ்சு இருந்த இடத்தில் தரையில் கிடந்த பெரியவர்மேல் போனது. நனைந்த சட்டை. வாயோரம் நுரை. கைகால் வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

"சுகர் இறங்கிப்போச்சு அவருக்கு! வழி விடுங்க! சிஸ்டர், குளுக்கோஸ்!"

யார் விட்டார்கள்? சிஸ்டர் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு கத்தினாள். அக்கா குனிந்து கால்களுக்கு நடுவே தவழ்ந்தாள். முதுகில் உதை விழுந்தது, தவழ்ந்தாள். கதவு நிலையை வலதுகையால் பிடித்து உடம்பை வெளியே இழுத்தாள்.

"இத்தனை நேரம் தூங்கினவ இப்ப எங்கப்பனைத் தொடுவியா? தொடுவியாடீ?"

குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பத்தை வெல்டர் இரண்டு கையாலும் ஓங்கி அந்தக் கைமேல் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அறைக்குள் கிடந்த டைக்குக் கேட்டது. அக்கா அலறிக்கொண்டே இடதுகையை நீட்டினாள். பெரியவரின் கால் கட்டைவிரல்தான் எட்டியது. அங்கிருந்து அவளை இழுத்துப்போட்டு மறுபடி அடித்தார்கள். சுற்றிலும் போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

காவலாளிகள் தடியோடு வந்து கூட்டத்தைப் பிளந்து, சிஸ்டர் ஓடிப்போய் ஊசி போடுவதற்குள், பெரியவரின் உடம்பு இழுப்பதை நிறுத்திவிட்டிருந்தது. மூச்சு மட்டும் இருந்தது.

மத்தியானம் மாவுக்கட்டு அறையில் மூன்று பேர். அக்காவின் வலதுகை முழங்கை வரைக்கும் கட்டுக்குள் இருந்தது. டைக்கு நெற்றியில் தையல், ஒரு கண் திறக்கவே இல்லை. மூன்றாவது ஆள் மாமா, அதாவது அக்காவின் புருஷன். அச்சகம் வைத்திருக்கிறார். எறும்பு குறுக்கே வந்தால் சுற்றிக்கொண்டு போகிற மனுஷர். மெஷினை ஓடவிட்டபடி அப்படியே ஓடிவந்திருந்தார், விரலெல்லாம் மை.

பெரியவர் இன்னும் கண் விழிக்கவில்லை என்று சிஸ்டர் எட்டிப்பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

"படம் ஊரெல்லாம் சுத்துது" என்றார் மாமா. போனை நீட்டினார். "தாழ் போட்ட ரூம்ல கம்பெனிக்காரனோட லேடி டாக்டர்னு போட்டிருக்கான். கீழே எழுதியிருக்கறதெல்லாம் வாயால படிக்க முடியல."

அக்கா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"தாழ் எப்படிடா விழுந்துச்சு? நான் போடறதே கிடையாதே. கதவை இறுக்கிச் சாத்தக்கூட மாட்டேனே."

 அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. மானேஜர். மூலையில் போய் நின்று எடுத்தான். மூலைக்குப் போய் என்ன பிரயோஜனம்? அந்த மனுஷர் போனில் பேசினால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும்.

"தம்பி, கவலையே படாதே. கம்பெனி உன் பின்னாடி நிக்குது. உங்கக்கா கைக்கு நல்ல பிரைவேட் ஆஸ்பத்திரியில ஆபரேஷன், பெரிய வக்கீல், எல்லாம் நம்ம பொறுப்பு. டாக்டருங்களுக்கு ஒரு கஷ்டம்னா நாமதானே கை குடுக்கணும்! ஒண்ணே ஒண்ணு. நீ கம்பெனி வேலையாப் போகல. அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோன தம்பி. புரியுதா? தாழைப் பத்திக் கேட்டா, டாக்டர் ரூம், டாக்டர் தாழ். நீ வாயைத் திறக்காதே. நம்ம பசங்க எல்லாரும் போடற தாழ்தான், உன் நேரம், இப்படி ஆயிடுச்சு."

டை போனை அமுக்கினான். திரும்பினால் மாமா நிற்கிறார்.

"நம்ம பசங்க எல்லாரும் போடற தாழா?"

"மாமா, நான்..."

அறை பளீரென்று விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் குரலை உயர்த்தாத மனுஷர், மைத்துனனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார். எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப்பெட்டி உடைந்து அவன் தோளில் சரிந்தது. விடவில்லை. "அவ கையை உடைச்சது நீடா! அவ பேரை நாறடிச்சது நீடா!" என்று கத்திக்கத்தி அடித்தார். டையின் தையல் பிரிந்து மறுபடி ரத்தம் கொட்டியது.

"விடுங்க அவனை" என்றாள் அக்கா.

மாமா விட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"அவங்க தட்டினது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"ஏன்டா திறக்கல?"

"நீ தூங்கிட்டிருந்தே." டை விம்மினான். "எத்தனை நாளாச்சுக்கா நீ தூங்கி? கொஞ்ச நேரம் தூங்கட்டும்னுதான்... சத்தியமா அவ்வளவுதான்க்கா."

 அவள் திட்டியிருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும்.

"நல்லாத் தூங்கினேன்டா" என்றாள். "கனவுகூட வந்துச்சு."

பிறகு மாமாவின் பக்கம் இடதுகையை நீட்டினாள். "என்னைத் தூக்கி விடுங்க. அந்தப் பெரியவரைப் பார்க்கணும்."

அவர்கள் மெல்ல நடந்துவருவதற்குள் டை வார்டு வாசலுக்கு ஓடிவிட்டான். பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

வார்டு வாசல் பெஞ்சில் வெல்டர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் போலீஸ். இன்ஸ்பெக்டர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். டாக்டர் ஒரு வார்த்தை புகார் சொன்னால் போதும், ஆளை உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பது அவர் கணக்கு.

டை வெல்டருக்கு நேராகப் போய் நின்றான்.

"தாழ் போட்டது டாக்டர் இல்ல. நான்தான். அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

வெல்டர் நிமிர்ந்தான். சற்று நேரம் அடையாளம் தெரியாமல் பார்த்தான்.

"நீ... உள்ள போய்ச் சொல்றேன்னியே."

"சொல்லல. மறந்துட்டேன்."

"அப்பா விழுந்துட்டாருன்னு கத்தினேனே. தட்டித்தட்டி என் கையே வீங்கிப்போச்சே. கேக்கலையா?"

"கத்தினது கேட்டுச்சு. என்னன்னு நான் காது குடுக்கல."

வெல்டர் எழுந்தான். அதற்குள் வார்டுக் கதவு திறந்தது.

"பெரியவர் கண்ணு முழிச்சிட்டார். மகன் யாரு? வாங்க" என்றாள் சிஸ்டர்.

அவன் போலீஸைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். கதவு திறந்தே இருந்ததால் டைக்கு எல்லாம் தெரிந்தது. வெல்டர் கட்டிலருகே மண்டியிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"அப்பா. நான்தான்பா. என்னைப் பாருப்பா."

பெரியவர் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, வலி இல்லை. வீட்டுக்கு வந்த அந்நியரைப் பார்க்கிற மரியாதை மட்டும் இருந்தது.

"உக்காருங்க" என்றார். நாக்கு குழறியது. "நீங்க... யாருங்க?"

"அப்பா!"

"மன்னிச்சுக்குங்க. எனக்குத் தெரியலை."

டை வெல்டரிடம் ஒப்புக்கொண்டதைக் கேட்டுக்கொண்டே, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா வார்டு வாசலுக்கு வந்திருந்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை அவ்வளவு நேரம் இறங்கிக் கிடந்தால் மூளை அடிவாங்கும். போனது திரும்பி வருமா, எவ்வளவு வரும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள்.

வெல்டர் வெளியே வந்தான். அவன் முகத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டரே ஒரு அடி பின்வாங்கினார்.

டையின் கழுத்திலிருந்த டையை முஷ்டியில் சுற்றி இழுத்து, தலையைத் தூணில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. விழுந்தவனின் விலாவில் உதைத்தான். "தெரியலையாம்டா! என்னைத் தெரியலையாம்டா!" என்று சொல்லிச் சொல்லி உதைத்தான். டை கையைத் தூக்கவே இல்லை. வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் தரையில் விழுந்தன.

சின்ன வயதில் தெருவில் எவன் அடித்தாலும் அக்கா குறுக்கே வந்து விழுவாள், அடித்தவனைக் கடித்தே விரட்டுவாள். தரையில் கிடந்த டை, திறந்திருந்த ஒரு கண்ணால் அவளைத் தேடினான். அக்கா நிலையை விட்டு அசையவில்லை.

போலீஸ்காரர்கள் வெல்டரைப் பிடித்து இழுத்துச் சுவரோடு அமுக்கினார்கள்.

"பார்த்தீங்களாம்மா? மறுபடியும்!" இன்ஸ்பெக்டருக்கு மூச்சு இரைத்தது. "காலையில உங்க கையை உடைச்சதும் இவன்தானே? புகாரைச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

"எழுதுங்க" என்றாள் அக்கா. "வேலை நேரத்துல நான் தூங்கினேன். அதை முதல்ல எழுதுங்க."

"அம்மா, அது எதுக்கு இப்ப..."

"எழுதுங்க சார். அப்புறம், என் புகார் இவன் மேல இல்ல." இடதுகையால் தரையைக் காட்டினாள். "அவன் மேல. அவனை அனுப்பின கம்பெனி மேல."

இன்ஸ்பெக்டர் விழித்தார். "அவரு உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தம்பின்னு ஸ்டேஷனுக்குப் போன் வந்துச்சே?"

"சாப்பாடு எதுவும் வரல. மருந்து விக்க வந்தான்."

"ஏய், வேணாம்" என்றார் மாமா. சற்று முன்னால் அவனை அடித்த அதே கையால் அவள் தோளைப் பிடித்தார். "அவனே வந்து ஒப்புக்கிட்டான் பாரு. ஜெயிலுக்குப் போயிடுவான். உன் தம்பி."

"அக்கா..." என்றான் டை.

அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. கண்ணைத் துடைக்க வலதுகையைத் தூக்கப்போய், கட்டு தடுக்க, அப்படியே விட்டுவிட்டாள்.

"பேரு, வயசு, விலாசம் எல்லாம் என்கிட்ட கேளுங்க சார்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "நான் வளர்த்த பையன்தான்."